லெமன் வெர்பெனா: கோளாறு செடியிலா, கோப்பையிலா?

லெமன் வெர்பெனா, எலுமிச்சை மணக்கும் இலைக்காக டீக்கும் இனிப்புக்கும் வளர்க்கும் செடி. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் வீட்டுத் தோட்டத்தில் அதை வளர்ப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "செடி பட்டுப்போச்சு." இன்னொன்று, "டீ போட்டேன், ஒண்ணுமே தெரியலை." முதலாவது பாதி நேரம் பொய்ப் பயம். இரண்டாவது, இலையிலிருந்த வாசனை கோப்பைக்கு வந்து சேரும் முன் வழியில் எங்கோ போய்விட்ட கதை.

எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். செடியின் நடுப்பகுதியில் இருக்கும் நன்கு விரிந்த இலை ஒன்றைக் கிள்ளி, விரலுக்கு இடையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோலின் வாசனை பளிச்சென்று வந்தால் செடியில் குறையே இல்லை, தப்பு அடுப்படியில்தான். நேராகப் பின்பாதிக்குப் போய்விடலாம். வாசனை மந்தமாக இருந்தாலோ, வெறும் தழை நெடி மட்டும் வந்தாலோ இங்கிருந்தே படியுங்கள்.

இந்தச் செடியின் மதிப்பு மொத்தமும் இலையில் இருக்கும் எண்ணெயில்தான். அதில் முக்கியமானது சிட்ரால். எலுமிச்சைப்புல்லுக்கு வாசனை கொடுப்பதும் இதே சிட்ரால்தான். ஆனால் வெர்பெனாவில் லிமோனீன் போன்ற வேறு சில பொருள்களும் கலந்திருப்பதால் வாசனை மென்மையாகவும் பழத்தோலுக்கு இன்னும் நெருக்கமாகவும் இருக்கும். வெயில் இருந்தால் இந்த எண்ணெய் சேரும், சூட்டில் ஆவியாகும், கொழுப்பில் கரையும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் போய் நிற்கும்.

"கசக்கினால் வாசனையே வரவில்லை"

முதலில் அது லெமன் வெர்பெனாதானா என்று பாருங்கள். மலையில் நர்சரிகளில் வெர்பினா என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது பூச்செடி. சிவப்பு, ஊதா, வெள்ளை நிறங்களில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தரையில் படரும் அது அழகுக்கு மட்டும்தான், டீக்கு ஆகாது. நமக்கு வேண்டியது அலோய்சியா சிட்ரோடோரா என்ற புதர்ச்செடி. ஆள் உயரத்துக்கு மேலேயும் வளரும். ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை, சில நேரம் நான்கு. இலை விரல் நீளத்தில், குறுகலாக, நுனி கூர்ந்து இருக்கும். நுனியிலிருந்து காம்புப் பக்கமாகத் தடவினால் சொரசொரவென்று கையில் பிடிக்கும். பூ மிகச் சிறியது, வெள்ளையோ வெளிர் ஊதாவோ, கிளை நுனியில் மெல்லிய கதிராக வரும். கணுவுக்கு இரண்டே இலை, சுருக்கம் விழுந்த அகலமான இலை, சதுரத் தண்டு என்றிருந்தால் அது லெமன் பாம், புதினாவின் சொந்தக்காரன். அதுவும் டீக்கு நல்லதுதான், ஆனால் காய வைத்தால் வாசனை வெகுவாகக் குறைந்துவிடும். மலையெங்கும் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் உண்ணிச்செடியும் வெர்பெனா குடும்பம்தான் என்றாலும் அதன் தண்டில் முள் இருக்கும், கசக்கினால் நெடி அடிக்கும். அதை வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

சரி, செடி சரியானதுதான், வாசனை மட்டும் இல்லை என்றால் வெயிலைக் கவனியுங்கள். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் சில்வர் ஓக் நிழலிலோ சுவர் ஓரத்திலோ தொட்டியை வைத்துவிடுவார்கள். செடி பச்சைப்பசேலென்று இருக்கும், இலையும் பெரிதாக வரும், மணம் மட்டும் இருக்காது. நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மலையில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும் இடங்களில் காலை வெயில்தான் கைகொடுக்கும், அதனால் கிழக்குப் பார்த்த மேடு கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

அடுத்தது உரம். யூரியாவோ கோழி எருவோ அள்ளிப் போட்டால் தழை பொங்கும், அதே அளவுக்கு எண்ணெய் சேராது. ஆண்டுக்கு ஓரிரு முறை மக்கிய தொழு உரம் போதும். காய்கறிக்குப் போடும் கணக்கில் இதற்குப் போடக் கூடாது.

ஜூலையில், தென்மேற்குப் பருவமழை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது ஊட்டிப் பக்கம் இலை வாசனை குறைவாகத்தான் இருக்கும். இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்த பிறகு பறித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

"டிசம்பரில் இலை மொத்தமும் கொட்டிவிட்டது"

கொட்டட்டும். இது குளிரில் இலை உதிர்க்கும் செடி. அர்ஜென்டினா, சிலி, பெரு பக்கத்துத் தென் அமெரிக்கச் செடி. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பெயின் அரசி மரியா லூயிசாவின் பெயரில் அங்கே இன்றும் அதை லூயிசா மூலிகை என்கிறார்கள். குளிர் நாடுகளில் தொட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைப்பது வழக்கம். உள்ளே வைத்தாலும் இலை உதிரும், அதற்காக யாரும் செடியைத் தூக்கிப் போடுவதில்லை.

நம் மலைகளில் இடத்துக்கு இடம் கதை மாறும். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் உறைபனி அவ்வளவாக இறங்காத வீடுகளில் செடி பாதி இலையோடு குளிரைத் தாண்டிவிடும். ஊட்டியில் காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் நீர்ப்பனி முடிந்து உறைபனி விழத் தொடங்கியதும் ஒரே இரவில் இலை கருகித் தொங்கும். அங்கே தொட்டிச் செடியை இரவில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பதுதான் எளிது. தரையில் நட்டதாக இருந்தால் அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகைக் குவித்துவிட்டு, மேலே மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடி வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். பிளாஸ்டிக் போட்டால் அது இலையில் ஒட்டாமல் குச்சி நட்டு உயர்த்திப் போடுங்கள். ஒட்டிய இடமெல்லாம் கருகும். இலைமேல் பனி உறைந்துவிட்டால் வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்து அதைக் கரைத்துவிடுவது நல்லது.

கொடைக்கானலில் சிக்கல் வேறு. அங்கே பெரிய மழையே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. குளிரும் ஈரமும் ஒன்றாக வந்து சேரும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, மண்ணோ சொதசொதவென்று கிடக்கும், வேர் அழுகும். ஏரிப் பக்கம், பாம்பார்புரம் போன்ற இடங்களில் செடி போனதென்றால் பனியைத் திட்டும் முன் தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். மழை நேரடியாக விழாத இடத்துக்கு மாற்றி, மண் மேல்புறம் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இலை கொட்டியதும் மொட்டைக் கிளைகளைப் பார்க்கச் சகிக்காமல் கவாத்து வெட்டுவது. வெட்டினால் புதுத் துளிர் வரப் பார்க்கும், அடுத்த உறைபனி அதைக் கொன்றுவிடும். பனிக்காலம் முடியும்வரை அந்தக் காய்ந்த குச்சிகள் அப்படியே நிற்கட்டும்.

"மார்ச் முடிந்தும் துளிர் இல்லை"

தோட்டத்து வேலைக்கு வரும் பெண்மணி மண்வெட்டியோடு வந்து நிற்பது இந்த நேரத்தில்தான். "அக்கா, இது செத்துப்போச்சு, புடுங்கிடட்டுமா? அந்த எடத்துல பீன்ஸ் போடலாம்" என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் துளிர்த்துப் பல நாள் கழித்துத்தான் வெர்பெனா கண் திறக்கும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகமே போதும். நுனிக் கிளையில் நகத்தால் தோலை லேசாகக் கீறுங்கள். உள்ளே பழுப்பும் வறட்சியும் என்றால் அந்தப் பகுதி போய்விட்டது. ஒரு சாண் கீழே இறங்கி மீண்டும் கீறுங்கள். இப்படியே இறங்கிக்கொண்டே வந்தால் ஏதோ ஓர் இடத்தில் தோலுக்கு அடியில் ஈரமான பச்சைக் கோடு தெரியும். அந்தப் பச்சைக்கு மேலே உள்ள காய்ந்த பகுதியைப் பனி பயம் நீங்கிய பிறகு வெட்டிவிடலாம். மண்மட்டம்வரை பழுப்பாகவே இருந்தாலும் நம்பிக்கையை விடாதீர்கள், மண்ணை விரலால் விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். வேரருகிலிருந்து மே மாதத்தில் எழுந்து வருவதும் உண்டு. தண்டை ஆட்டினால் வேரோடு ஆடுகிறது, அடியில் கறுத்து நாறுகிறது என்றால்தான் கதை முடிந்தது. அப்போது பீன்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

"இலை மஞ்சளாகிறது"

அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். செடி முழுவதும் வெளிறி, வளர்ச்சியும் நின்றுபோயிருந்தால் மண்ணைச் சந்தேகப்படுங்கள். நம் மலை மண் புளிப்பு மண். தேயிலைக்குக் கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். வெர்பெனாவுக்கு அது ஆகாது, 6க்கு மேல், 7ஐ ஒட்டி இருந்தால்தான் பிடிக்கும். தேயிலை ஓரத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் நிரப்பினால் செடி சவலைப் பிள்ளையாகவே இருக்கும். மலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்கள் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் பயன்படுத்தும் டோலமைட் தூள் உரக்கடையில் கிடைக்கும். நடுத்தரத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு மண்ணில் கலந்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மீண்டும் போடுங்கள். அள்ளிக் கொட்டினால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளுக்கும். அது இன்னொரு தலைவலி.

"இலை மேல் ஊசி குத்தியது போல் வெளிறிய புள்ளிகள்"

தேயிலைக்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம், செஞ்சிலந்திதான். வறண்ட பிப்ரவரி, மார்ச்சில் வரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்போரம் மெல்லிய வலையும் அசையும் புள்ளிகளும் தெரியும். குழாயில் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்புறம் படும்படி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். நாம் அப்படியே வெந்நீரில் போட்டுக் குடிக்கும் இலை என்பதால் ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தீர்களானால் குறைந்தது இரண்டு வாரம் பறிக்காதீர்கள், பறித்தாலும் நன்றாகக் கழுவுங்கள். வேப்பெண்ணெய் நெடி கோப்பை வரை வந்துவிடும். பக்கத்துத் தேயிலைக்கு மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை வீட்டுக்குப் பின்னால் நகர்த்துங்கள்.

வெள்ளை ஈயும் அசுவினியும் வந்தாலும் இதே தண்ணீர் வைத்தியம்தான்.

"குச்சி நட்டால் அழுகிவிடுகிறது"

வெர்பெனா நம் ஊரில் விதை பிடிப்பது அரிது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். முற்றிய மரக்குச்சியை ரோஜாவுக்குச் செய்வது போல் மழைக்காலத்தில் குத்தி வைப்பவர்களுக்குத்தான் அதிகம் அழுகும். ஏப்ரல், மே மாதத்தில் கோடை மழைக்குப் பின் வரும் இளம் தளிர்க்கிளை, பூ வராதது, நான்கு விரற்கடை நீளம் எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விடுங்கள். வெட்டிய நொடியிலிருந்து வாடத் தொடங்கும் என்பதால் கையில் தண்ணீர்க் குவளையோடு போங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் சமபங்கு. பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து மூடினால் ஈரப்பதம் நிற்கும், ஆனால் தினமும் ஒரு தடவை திறந்து காற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் பூசணம்தான். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும்.

செடி ஒல்லிக் கிளைகளாக உயர்ந்துபோய் அடியில் இலையே இல்லை என்பவர்கள் ஏப்ரலில் பாதிக்கு வெட்டுங்கள், பிறகு நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். தேயிலைக் கவாத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"டீ போட்டால் வெந்நீர் மாதிரி இருக்கிறது"

இனி அடுப்படி. இலை நன்றாக மணக்கிறது, கோப்பையில் மட்டும் ஒன்றுமில்லை. காரணம் நம் கஷாயப் பழக்கம். துளசி, ஓமவல்லி, சுக்கு என்று எதை எடுத்தாலும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பாதியாகச் சுண்ட வைத்துத்தான் நமக்குப் பழக்கம். வெர்பெனாவை அப்படிக் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் எலுமிச்சை மணக்கும். அந்த மணம் கோப்பைக்கு வரவேண்டியது. ரசத்தை இறக்கி வைத்துக் கொத்தமல்லி தூவி மூடுகிறோமே, அதே கணக்குதான் இதற்கும். அடுப்பை அணைத்த பிறகே இலை, போட்ட உடனே மூடி.

அளவு: 200 மில்லி கோப்பைக்குப் பச்சை இலை ஆறு முதல் எட்டு, காய்ந்த இலை என்றால் நொறுக்கியது ஒரு தேக்கரண்டி. பச்சை இலையைப் போடும் முன் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள், அல்லது இரண்டாகக் கிழியுங்கள். முழு இலை எண்ணெயை விடுவதற்கு நேரம் எடுக்கும். மூடி ஐந்து முதல் ஏழு நிமிடம். மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் நிற்கும் நீர்த்துளிகளை வழித்துக் கோப்பையிலேயே விடுங்கள், முகர்ந்து பார்த்தால் ஏன் என்று புரியும்.

சமவெளியிலிருந்து வரும் செய்முறைகளில் "கொதித்த தண்ணீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றவும்" என்று இருக்கும். மலையில் அந்த ஆறவிடும் வேலை வேண்டாம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. குன்னூரில் ஒரு பாகை கூட இருக்கும். கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள். கோப்பை சில்லிட்டு இருக்கும் என்பதால் முதலில் வெந்நீர் ஊற்றி அலசிக்கொண்டால் சூடு நிற்கும். ஆறவிட்ட தண்ணீரை ஜனவரிக் காலையில் பீங்கான் கோப்பையில் ஊற்றினால் இலை ஊறுவதற்குள் குளிர்ந்தே போய்விடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல வெர்பெனா டீ வெளிர் மஞ்சள் கலந்த பச்சையில், கிட்டத்தட்ட நிறமே இல்லாமல்தான் இருக்கும். நிறம் வரவில்லையே என்று இன்னும் ஊறவிட்டால் அடுத்த கோளாறு வரும்.

"கசக்கிறது"

அதிக நேரம் ஊறியிருக்கும், அல்லது தண்டையும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள். வலுவாக வேண்டும் என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையைக் கூட்டுங்கள். வேப்பெண்ணெய்க் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

பாக்கெட்டில் வாங்கிய காய்ந்த இலை என்றால் இன்னொரு சாத்தியம் உண்டு. வெர்வெய்ன் என்று இன்னொரு மூலிகை இருக்கிறது, வெர்பெனா ஒஃபிசினாலிஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, குடும்பமும் ஒன்று, ஆனால் அதில் எலுமிச்சை வாசனை கிடையாது, கசப்பு தாராளம். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையுமே வெர்வென் என்று அழைப்பதால் வெளிநாட்டு பாக்கெட்டுகளில் குழப்பம் சகஜம். தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

"வாசனை இருக்கிறது, புளிப்பு இல்லையே"

இருக்காது. இலையில் எலுமிச்சையின் எண்ணெய் வாசனை மட்டும்தான், அமிலம் கிடையாது. புளிப்பு வேண்டுமானால் டீயை வடித்த பிறகு சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். ரசத்திலும் சாதத்திலும் எலுமிச்சைக்குப் பதிலாக இதைப் போட்டுவிட்டு உப்பு சப்பில்லை என்பவர்களுக்கும் இதே பதில்.

எனக்குக் கேட்டால் இந்தப் புளிப்பில்லாத தன்மைதான் இந்த இலையின் பெரிய வசதி. எலுமிச்சையைப் பாலில் பிழிந்தால் பால் திரியும், வெர்பெனா போட்டால் திரியாது. எலுமிச்சை மணக்கும் பாயசம், கஸ்டர்ட், ஐஸ்கிரீம், சாக்லேட்டுக்கான கிரீம் எல்லாம் இதனால்தான் கைகூடுகின்றன.

"பாலில் போட்டேன், புல் வாசனை அடிக்கிறது"

இலையைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சியிருக்கிறீர்கள். எண்ணெய் கொழுப்பில் கரையும் என்பதால் பால் வாசனையைத் தண்ணீரைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கொதி தேவையே இல்லை. கொதித்தால் தழை நெடியும் சேர்ந்து இறங்கும்.

அரை லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சி, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்குங்கள். கசக்கிய பச்சை இலை ஒரு பதினைந்து போட்டு மூடி இருபது நிமிடம் விடுங்கள். நடுவில் ஒரு முறை சுவைத்துப் பார்ப்பது நல்லது, முற்றிய இலைக்குப் பதினைந்து நிமிடமே போதும் சில நாள். வடிகட்டுங்கள். வடிகட்டியில் இலையைக் கரண்டியால் போட்டு நசுக்க வேண்டாம், பச்சை நிறமும் நெடியும் இறங்கும். இந்தப் பாலில் பிறகு சேமியா பாயசமோ பால் பாயசமோ செய்யலாம். அரிசியை முதலில் சாதாரணப் பாலில் வேகவைத்துவிட்டு, இந்த மணமேற்றிய பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவதுதான் சரி. முழுப் பாலையும் இதிலேயே தொடங்கி ஒரு மணி நேரம் சுண்டவிட்டால் மணம் மிஞ்சாது.

ஏலக்காய் போடாதீர்கள். கை தானாக டப்பாவுக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் வந்தால் இது அடங்கிவிடும். வெல்லமும் அப்படியே. சர்க்கரைதான் இதற்குத் தோது. குங்குமப்பூவும் வேண்டாம், காசுக்குக் கேடு.

ஐஸ்கிரீமுக்கோ சாக்லேட்டுக்கோ கிரீம் எடுப்பதாக இருந்தால் சூடே காட்டாமல், இலையைக் குளிர்ந்த கிரீமில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். நெடி அறவே இருக்காது.

"டீத்தூளோடு போட்டால் தெரியவே மாட்டேன் என்கிறது"

டஸ்ட் டீயும் பாலும் சேர்ந்த திக்கான டீயில் எந்த மென்மையான இலையும் நிற்காது. வர்க்கியைத் தோய்த்துச் சாப்பிட அந்த டீ, வெர்பெனாவுக்கு வேறு டீ. ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அதாவது தூளாக்காமல் இலையாகவே சுருட்டிக் காய வைத்தது, அதிலும் டிசம்பர், ஜனவரி குளிரில் பறித்த நீலகிரித் தேயிலை கிடைத்தால் அருமையாகச் சேரும், அதற்கே ஒரு பூ மணம் உண்டு. தேயிலை பாதி, காய்ந்த வெர்பெனா பாதி, பால் இல்லாமல். தேயிலையை மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டால் துவர்க்காது. தனி வெர்பெனாவில் காஃபீன் கிடையாது, இரவில் குடிக்கத் தனியாகவே போடுங்கள்.

"கேக்கில் பல்லில் நார் மாதிரி மாட்டுகிறது"

இலை சொரசொரப்பானது, வெந்தாலும் மெத்தென்று ஆகாது. முழு இலையைக் கடைசியில் எடுத்துவிட வேண்டும், உணவிலேயே தங்குவதாக இருந்தால் நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு மாவாக அரைக்க வேண்டும். காய்ந்த இலையைச் சர்க்கரையோடு மிக்சியில் அடித்துச் சலித்தால் கேக், பிஸ்கட் மாவில் தடமே தெரியாது. பச்சை இலையோடு அடித்தால் சர்க்கரை ஈரமாகிக் கட்டி விழும், சில நாளில் பச்சை பழுப்பாகும். அன்றே தீர்ப்பதாக இருந்தால் மட்டும் பச்சை இலை.

கோழி, மீன் ஊறவைக்க இலையைப் பொடியாக நறுக்கி எண்ணெய், பூண்டு, உப்போடு தடவலாம். பொரிக்கும் முன் இலையைத் தட்டிவிடுங்கள், கருகினால் கசக்கும்.

"காய வைத்த இலை கறுத்துவிட்டது, பூசணம் பிடித்தது"

மலையில் இலையைக் காய வைப்பது தனிக் கலை. மழைமாதத்தில் துணியே காயாது, இலை எங்கே காயும்? சேமிக்கப் பறிப்பதை நல்ல வெயில்காலத்துக்கு ஒதுக்குங்கள். செடி பூக்கத் தொடங்கும் சமயத்தில், காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் உச்சிக்கு ஏறும் முன் பறித்தால் எண்ணெய் நிறைந்திருக்கும். கழுவினால் உதறித் துணியில் ஒற்றி எடுங்கள். கிளையோடு சிறு கட்டாகத் தலைகீழாகத் தொங்கவிடலாம், அல்லது மூங்கில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பலாம். நிழலும் காற்றோட்டமும் வேண்டும். நேர் வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், நிறமும் மணமும் போய்விடும். விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைத்தால் புகை நெடி ஏறும். மின்சார உலர்த்தி இருந்தால் 35 முதல் 40 பாகைக்குள் வையுங்கள்.

கையில் எடுத்தால் காய்ந்த அப்பளம் போலச் சொடுக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முறிந்த பிறகும் ஒரு நாள் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்துப் பாருங்கள். உட்புறம் ஆவி படிந்தால் மீண்டும் வெளியே எடுங்கள். சேமிக்கும்போது இலையை நொறுக்காதீர்கள், முழுதாக வைத்து டீ போடும்போது நொறுக்குங்கள். தூளாக்கி வைத்தால் வாசனை ஜாடிக்குள்ளேயே தீர்ந்துவிடும். இருட்டான அலமாரியில் ஓராண்டு தாராளமாக மணக்கும். காய்ந்தும் வாசனையை இவ்வளவு பிடித்துவைக்கும் இலைகள் குறைவு.

"குடித்தால் வயிறு எரிகிறது, பறித்தால் கை அரிக்கிறது"

நாளுக்கு ஓரிரு கோப்பை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மிகத் திடமாகப் போட்டு வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்கு எரிச்சல் வரும், இலையைக் குறைத்துச் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். சிட்ரால் ஒவ்வாத தோல் சிலருக்கு உண்டு, அவர்கள் கையுறை போட்டுப் பறிக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் செறிவான எண்ணெயைக் குடிக்கவோ சமையலில் விடவோ வேண்டாம். இலை வேறு, அது வேறு.

"ஜாமில் வாசனை நிற்கவில்லை"

மே, ஜூனில் ஊட்டி பிளம்ஸ் வரும்போது கேட்கும் கேள்வி. பழம் வேகத் தொடங்கும்போதே இலையைப் போட்டிருப்பீர்கள். ஜாம் பதம் வந்து, தட்டில் விட்டால் ஓடாமல் நிற்கும் நிலையில் அடுப்பை அணைத்து, மெல்லிய துணியில் கட்டிய இலை ஒரு கைப்பிடி உள்ளே அமிழ்த்தி மூடுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, ஜாமை இன்னொரு முறை சூடேற்றிச் சுடச்சுடப் பாட்டிலில் அடையுங்கள். ஊட்டிப் பேரிக்காய்க்கு இதைவிட எளிய வழி: சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் பாகாகக் கரைந்ததும் இறக்கி, இலை போட்டு மூடி ஆறவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். பேரிக்காயைத் தனியாக வேகவைத்து, சூடு தணிந்ததும் இந்தப் பாகில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மலைப் பேரிக்காயின் அந்தக் கடினமான, மணலாக நெருநெருக்கும் சதைக்கு ஓர் இரவு போதாது என்று தோன்றினால் இரண்டாம் நாளும் விடலாம், மணம் குறையாது.